கோடை இன்டர்ன்ஷிப்பும் ஒரு கதைப்புத்தகமும்: மதுரை மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

எங்கள் துறையில் மாணவர்களின் இன்டர்ன்ஷிப் கடிதங்களைத் தயார் செய்வதும், திரும்பி வந்ததும் அவர்களுடைய டைரியையும் ரிப்போர்ட்டையும் திருத்துவதும் என் பொறுப்பு. பிப்ரவரியிலேயே வந்து கடிதம் வாங்கிப் போகிறவர்கள் கொஞ்சப் பேர். கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு, ஹால் டிக்கெட்டும் கையுமாக "சார், எங்கயாவது ஒரு கம்பெனி" என்று வந்து நிற்கிறவர்கள் நிறைய. இதற்கு நடுவில் ஒவ்வொரு வருஷமும் நாலைந்து பேர் வேறொரு கவலையோடு வருவார்கள். லீவு விட்டதும் கதைப்புத்தகமாகப் படித்துத் தள்ளலாம் என்று காத்திருந்த பிள்ளைகள். "காலைல ஏழு மணிக்குக் கிளம்பணும், வீட்டுக்கு வர ராத்திரி ஏழு ஆயிடும். இதுல எப்ப சார் படிக்கிறது?"

இரண்டையும் சேர்த்துச் செய்யலாம். ஆனால் அதற்கான ஏற்பாட்டை ஜூன் மாதம் ராத்திரி பத்து மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்து யோசித்தால் நடக்காது. எந்த இடத்தில் சேருகிறீர்கள், எந்த பஸ்ஸில் போகிறீர்கள் என்று முடிவு செய்யும்போதே, படிப்பீர்களா மாட்டீர்களா என்பதும் பாதி முடிவாகிவிடுகிறது. அதனால் இரண்டையும் ஒரே வரிசையில் சொல்லிக்கொண்டு போகிறேன்.

1. எங்கே கேட்பது, எப்போது கேட்பது

மதுரையில் ஒன்றும் கிடைக்காது, சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ போனால்தான் உண்டு என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதை அப்படியே நம்ப வேண்டாம். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் பிள்ளைகளுக்குக் கப்பலூர் சிட்கோவும் கே.புதூர் தொழிற்பேட்டையும் இருக்கின்றன. கம்ப்யூட்டர் படிக்கிறவர்களுக்கு இலந்தைக்குளம், வடபழஞ்சியில் எல்காட் என்கிற அரசு நிறுவனத்தின் ஐ.டி. வளாகங்கள் இருக்கின்றன. ஊருக்குள் மாடி வீடுகளில் இயங்கும் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிகளும் உண்டு. மேனேஜ்மெண்ட் வகுப்பில் கேஸ் ஸ்டடியாகப் படிக்கிறீர்களே, அந்த அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல் இதே ஊரில் 11 படுக்கையோடு தொடங்கியதுதான். மருத்துவமனை நிர்வாகம், சமூகப்பணி, கிராமப்புற மேம்பாடு படிக்கிறவர்களுக்கு மதுரையைவிடத் தோதான ஊர் தென்மாவட்டங்களில் எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

படிப்பைப் பொறுத்துக் காலமும் மாறும். இதைப் பலர் கவனிப்பதில்லை. சட்டம் படிக்கிறவர் மே மாதம் வக்கீல் ஆபீஸில் சேர்ந்தால், கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலும் மே மாதத்தில் விடுமுறைக்கால அமர்வு மட்டும்தான் நடக்கும். ஃபைலைத் தூசி தட்டிவிட்டு வர வேண்டியதுதான். ஜூனில் சேருங்கள். பி.காம். பிள்ளைகள் ஆடிட்டர் ஆபீஸுக்குப் போவதாக இருந்தாலும் அதே கதைதான். சம்பளக்காரர்களின் வருமான வரிக் கணக்குக்கு வழக்கமான கெடு ஜூலை 31. ஜூன் பாதிக்கு மேல்தான் ஆபீஸ் சூடு பிடிக்கும், வேலையும் கற்றுக்கொள்ளலாம்.

கேட்பது எப்படி? பெரிய நிறுவனம் என்றால் ஜனவரி, பிப்ரவரியிலேயே ஈமெயிலும் விண்ணப்பமும் போய்விட வேண்டும். சின்ன யூனிட் என்றால் நேரில் போவதே மேல். ஈமெயிலைப் பார்க்க அங்கே ஆள் இருக்காது. திங்கட்கிழமை காலையும் மாதக் கடைசியும் வேண்டாம். டெஸ்பேட்ச் அவசரத்தில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். செவ்வாய், புதன் பதினொரு மணி டீ முடிந்த நேரம் நல்ல நேரம். கேட்டில் வாட்ச்மேனிடம் "அண்ணே, காலேஜ்லருந்து வர்றேன், இன்பிளான்ட் ட்ரெயினிங் விஷயமா மேனேஜரைப் பார்க்கணும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். பழைய யூனிட்டுகளில் இன்டர்ன்ஷிப் என்றால் புரியாமல் போகலாம், இன்பிளான்ட் என்றால் உடனே புரியும்.

கையில் இரண்டு தாள் போதும். ஒரு பக்க ரெஸ்யூமே. கல்லூரி லெட்டர்ஹெட்டில் ஹெச்.ஓ.டி. அல்லது பிரின்சிபால் கையெழுத்திட்ட கடிதம். கடிதத்தில் இனிஷியலோடு பெயர், ரெஜிஸ்டர் நம்பர், எந்த வருஷம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்பது கட்டாயம் இருக்க வேண்டும். "கோடை விடுமுறையில்" என்று மொட்டையாக எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு எந்த மேனேஜரும் ஒன்றும் செய்ய முடியாது.

2. சரி என்று சொல்வதற்கு முன்

இடம் கிடைத்த சந்தோஷத்தில் எதையும் கேட்காமல் வந்துவிடுவார்கள். இதையெல்லாம் கேட்டுவிட்டு வாருங்கள்: எத்தனை மணிக்கு வர வேண்டும், ஷிப்ட் மாறுமா, யார் கீழே போடுவார்கள், வாரத்தில் எத்தனை நாள், சர்டிபிகேட்டில் தேதி போட்டுத் தருவார்களா, ஸ்டைபண்ட் என்கிற உதவித்தொகை உண்டா. இதில் முக்கியமானது "யார் கீழே" என்பதுதான். ஒரு ஆள் பெயரைச் சொன்னால் அங்கே உங்களுக்கு வேலை இருக்கிறது என்று அர்த்தம். "வாங்க, பார்த்துக்கலாம்" என்றால் நீங்கள் நாலு வாரம் ஸ்டோரில் பெட்டி எண்ணப் போகிறீர்கள். பெட்டி எண்ணுவதிலும் கற்றுக்கொள்ள விஷயம் உண்டு, ஆனால் நாலு வாரத்துக்கு இல்லை.

காசு கேட்டால் திரும்பிவிடுங்கள். "ரெண்டாயிரம் கட்டுங்க, வரவே வேண்டாம், சர்டிபிகேட் வீட்டுக்கே வரும்" என்கிற ஆட்கள் எல்லாக் கல்லூரி வாசலிலும் உண்டு. அந்த சர்டிபிகேட்டோடு வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் உட்கார்ந்தால் மூன்றாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். கேள்வி கேட்கிற எங்களுக்கும் அது ஒன்றும் சந்தோஷமான காரியம் இல்லை.

அப்ரெண்டிஸ் வேறு, இன்டர்ன் வேறு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அப்ரெண்டிஸ் என்பவர் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் போட்டுச் சேருகிறவர். அவருக்கு உதவித்தொகை கொடுத்தே ஆக வேண்டும். இன்டர்னுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், கொடுக்காவிட்டால் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது. ஆனால் பஸ் காசும் மதியச் சாப்பாடும் கேட்பதில் கூச்சம் வேண்டாம். கேன்டீன் இருக்கிற இடங்களில் பெரும்பாலும் சாப்பாடு கொடுத்துவிடுவார்கள்.

படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு யோசனை. இரண்டு இடம் கிடைத்து, ஒன்றில் ஸ்டைபண்ட் கொஞ்சம் கூட, ஆனால் ஷிப்ட் வாரா வாரம் மாறும். இன்னொன்றில் காசு இல்லை, ஒன்பதிலிருந்து ஐந்துதான் என்றால், இரண்டாவதையே எடுங்கள். நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கி எழுந்தால் புத்தகம் பிடிக்கத் தோன்றாது. தகரக் கூரைக்குக் கீழே அக்னி நட்சத்திரத்தில் பகல் தூக்கம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

3. பஸ்தான் உங்கள் படிப்பறை

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்ப் பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய விஷயம், ஆகையால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உசிலம்பட்டி, தேனிப் பக்கத்திலிருந்து வருகிற பஸ் ஆரப்பாளையத்தில் விடும். மேலூர், நத்தம் பக்கம் என்றால் மாட்டுத்தாவணி. திருமங்கலம் டவுன் பஸ் பெரியாரிலிருந்து. நீங்கள் உசிலம்பட்டியிலிருந்து கப்பலூருக்குப் போகிறவர் என்றால், மதுரைக்குள் வந்து மாறிப் போவதா, திருமங்கலம் வழியாகப் போய்விடுவதா என்பதைச் சேர்வதற்கு முந்தின வாரமே ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். பார்க்க வேண்டியது கிலோமீட்டரை இல்லை, எத்தனை முறை மாற வேண்டும் என்பதை. முக்கால் மணி நேரம் ஒரே பஸ்ஸில் உட்கார்ந்து போகிறவரால் தினமும் பதினைந்து பக்கம் படிக்க முடியும். அதே முக்கால் மணி நேரத்தை மூன்று பஸ்ஸாகப் பிரித்தால் ஒரு பக்கம்கூட ஓடாது. இருநூறு பக்க நாவலை தினம் பதினைந்து பக்கமாகப் படித்தால் பதினாலு பயண நாளில் முடிந்துவிடும். முதல் வாரத்தை விட்டுவிட்டாலும் நாலு வார இன்டர்ன்ஷிப்பில் பஸ்ஸிலேயே ஒரு நாவல் முடிந்துவிடும்.

அதனால் பஸ் புறப்படும் இடத்தில் ஏறுவது நல்லது. இரண்டு ஸ்டாப் பின்னால் நடந்துபோய் ஏறினால் சீட் கிடைக்கும் என்றால் நடந்துவிடுங்கள். காலையில் கிழக்குப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்தால் வெயில் பக்கத்தின் மேல் விழுந்து கண் கூசும். எதிர்ப்பக்கம் உட்காருங்கள். பெண் பிள்ளைகளுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை. அந்தக் காசு மிச்சம் என்று அம்மாவிடம் சொல்லி, மாதம் ஒரு புத்தகம் வாங்கிக்கொள்கிற பெண் ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். கெட்டிக்காரி.

ஓடுகிற வண்டியில் படித்தால் தலை சுற்றும், வாந்தி வரும் என்கிறவர்கள் உண்டு. உடம்புவாகு அப்படி, பழகினால் சரியாகும் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் சிறுகதையை யாராவது படித்துச் சொல்கிற ஒலிப் பதிவை ஹெட்போனில் போட்டுக்கொள்ளலாம். இல்லாவிட்டால் பஸ்ஸை விட்டுவிட்டு, கம்பெனிக்கு இருபது நிமிஷம் முன்னதாகப் போய் வாசல் மரத்தடியில் உட்கார்ந்து படியுங்கள். சீக்கிரம் வருகிற பையன் என்று நல்ல பெயரும் கிடைக்கும்.

நின்றுகொண்டு போகிற கூட்டத்தில் புத்தகத்தைத் திறக்காதீர்கள். முன்னால் நிற்பவர் முதுகில் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு, கண்டக்டரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.

4. என்ன படிப்பது, எங்கே எடுப்பது

முதலில் என்ன படிக்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். வேலைக்கு உதவும் புத்தகம், ஆளுமை வளர்க்கும் புத்தகம், பணக்காரனாக்கும் புத்தகம், ஐந்து மணிக்கு எழச் சொல்லும் புத்தகம் எதுவும் வேண்டாம். பகல் முழுக்க அதைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறீர்கள். சாயங்காலமும் அதே பாடமா? "யூஸ்ஃபுல்லா ஏதாவது படி" என்று வீட்டில் சொல்வார்கள், சிரித்துவிட்டுப் போய்விடுங்கள். துப்பறியும் கதை, பேய்க்கதை, சரித்திரக் கதை, காதல் கதை, பயணக் கட்டுரை, சினிமாக்காரர்களின் சுயசரிதை என்று கை எதை எடுக்கிறதோ அதைப் படியுங்கள். சந்தோஷத்துக்காகப் படிக்கிறபோது தரம் பார்க்கிற வேலையை உங்கள் அலுப்பிடமே விட்டுவிடலாம். நாற்பது பக்கத்துக்குள் பிடிக்கவில்லை என்றால் மூடிவைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். யாரும் மார்க் போடப் போவதில்லை.

இன்டர்ன்ஷிப் சமயத்துக்கு நான் முதலில் சொல்வது சிறுகதைத் தொகுப்பு. ஒரு போக்குக்கு ஒரு கதை முடிந்துவிடும். களைப்பில் இரண்டு நாள் விட்டாலும் யார் யாருக்கு மாமன், யார் யாரைக் கொன்றான் என்று பின்னால் புரட்ட வேண்டியதில்லை. ஐந்நூறு பக்க நாவலை முதல் வாரத்தில் தொடங்குகிறவர்கள் இரண்டாவது வாரத்தில் படிப்பதையே விட்டுவிடுகிறார்கள். பெரிய நாவல் ஆசை இருந்தால் மூன்றாவது வாரத்தில், உடம்பு வேலைக்குப் பழகின பிறகு தொடங்குங்கள்.

எடுப்பதற்கு முதல் இடம் உங்கள் ஊர் கிளை நூலகம். ஊர்ப் பிள்ளைகள் இதை மறந்தே போய்விடுகிறார்கள். அடையாள அட்டையும் சின்னத் தொகையும் கொடுத்தால் உறுப்பினராகிவிடலாம். பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். வேலைக்குப் போகிறவருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? ஊருக்குள் இருக்கிறவர்களுக்கு சிம்மக்கல்லில் மாவட்ட மைய நூலகம். பெரியார் பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். உறுப்பினராவதை ஏப்ரலிலேயே முடித்துவிடுங்கள். வேலையில் சேர்ந்தபின் நூலகர் இருக்கிற நேரமும் உங்கள் நேரமும் ஒத்துவராது.

புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆனால் அங்கே ஒரு சிக்கல். பெரும் கூட்டம் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற கூட்டம். சுற்றிலும் நாலு பேர் குரூப் தேர்வுக் குறிப்புகளில் மூழ்கியிருக்க, நடுவில் பேய்க்கதை படித்துச் சிரிக்க ஒரு கூச்சம் வரும். அதைப் பார்க்காதீர்கள். மே மாத ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே தார் உருகுகிற வெயிலில், காசில்லாமல் ஏ.சி.யில் உட்கார்ந்து படிக்க மதுரையில் வேறு இடம் கிடையாது.

வாங்கித்தான் படிப்பேன் என்கிறவர்கள் கோயில் பக்கம் போனால் ஒரு வேலை செய்யுங்கள். முன்பு புது மண்டபத்துக்குள் இருந்த கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கின்றன. தையல்காரர்களும் வளையல்காரர்களும் எல்லோருக்கும் தெரியும். அந்த மண்டபத்துப் புத்தகக் கடைகளில் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள் கிடைக்கும் என்பது இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தாத்தா பாட்டிக்குப் படித்துக் காட்ட ஏற்றவை. கேட்டுப் பாருங்கள்.

போனில் படிக்கிறவர்களுக்கும் பஞ்சமில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்கிற தன்னார்வ முயற்சி பழந்தமிழ் நூல்களிலிருந்து இருபதாம் நூற்றாண்டுக் கதைகள்வரை தட்டச்சு செய்து இலவசமாக வைத்திருக்கிறது. ஊர்ப் பெயரைப் பார்த்து மதுரையில் இருந்து நடத்துவதாக நினைக்க வேண்டாம்; உலகம் முழுக்க இருக்கிற தமிழர்கள் சேர்ந்து செய்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் நிறைய உண்டு. ஒரு எச்சரிக்கை: ஸ்கேன் செய்த பி.டி.எஃப். போனின் சின்னத் திரையில் கண்ணுக்குக் கேடு; ஒவ்வொரு வரிக்கும் இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடங்குகிற ஈபப் கோப்பாகப் பார்த்து, வீட்டு வைஃபையில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். படிக்கும்போது நெட்டை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது பக்கத்திலேயே ரீல்ஸுக்குப் போய்விடுவீர்கள்.

5. முதல் வாரம்

முதல் வாரம் படிக்க முடியாது, முயற்சியும் வேண்டாம். கால் வலிக்கும், காது இரையும், எட்டரைக்கே தூக்கம் வரும். புத்தகம் பையில் மட்டும் இருக்கட்டும்.

அந்த வாரத்தில் கவனம் வேண்டியது ஆட்களிடம். ஆபரேட்டர்களை அண்ணே என்றும், வயதில் பெரிய பெண்களை அக்கா என்றும் கூப்பிடுவது நம் ஊரில் எல்லா யூனிட்டிலும் செல்லும். சூப்பர்வைசருக்கு மேலே இருப்பவர் எல்லோரும் சார், மேடம். ஐ.டி. கம்பெனியில் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்கள். சொன்னால் கூப்பிடுங்கள், நீங்களாகத் தொடங்காதீர்கள். பதினொரு மணி டீக்கும் நாலு மணி டீக்கும் அவர்களோடு போய் நில்லுங்கள். மெஷின் பக்கத்தில் வாயே திறக்காத அண்ணன் டீக்கடையில் வடையைப் பிய்த்துக்கொண்டே ஒரு செமஸ்டர் பாடம் சொல்லித் தருவார். மதியச் சாப்பாட்டையும் முதல் இரண்டு வாரம் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். வந்த அன்றே மூலையில் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்காருகிற பையனை "படிப்பாளி" என்று ஒதுக்கிவிடுவார்கள். பிறகு யாரும் எதையும் சொல்லித் தர மாட்டார்கள்.

6. டைரி எழுதுவது

நூறு டைரி திருத்தினால் தொண்ணூறில் இந்த வரி இருக்கும்: "இன்று லேத் மெஷின் பற்றிக் கற்றுக்கொண்டேன். பயனுள்ளதாக இருந்தது." அடுத்த நாள் லேத் இருந்த இடத்தில் மில்லிங் இருக்கும். இதைப் படித்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது, எழுதியவருக்கும் வைவா அன்று ஒன்றும் ஞாபகம் வராது.

சில வருஷத்துக்கு முன் ஒரு பெண் கொண்டுவந்த டைரியில் ஒரு பக்கம் ஏறக்குறைய இப்படி இருந்தது: "பித்தளை புஷ் ஒரு பேட்ச் நாற்பது. வெளிவிட்டம் அளந்தேன். கடைசி மூன்று அளவுக்கு மேல் போய்விட்டது. இன்சர்ட் தேய்ந்திருக்கு என்று அண்ணன் விரலால் தடவிப் பார்த்தே சொன்னார். ஆஃப்செட் மாற்றினார், அடுத்தது சரியாக வந்தது. ஏன் முதலிலேயே இன்சர்ட்டை மாற்றவில்லை என்று கேட்டேன். ஒன்றின் விலை தெரியுமா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். விலை விசாரிக்க வேண்டும்." ஆறேழு வரிதான். (இன்சர்ட் என்பது மெஷினில் மாட்டுகிற வெட்டும் முனை; ஆஃப்செட் என்பது அந்த முனையின் நிலையைத் திருத்துகிற அளவு.) என்ன பொருள், எத்தனை, என்ன தப்பு நடந்தது, யார் என்ன செய்தார், தனக்கு எது புரியவில்லை என எல்லாம் அதில் இருக்கிறது. வைவாவில் அந்தப் பெண்ணிடம் டூல் தேய்மானத்தைப் பற்றிக் கேட்டபோது இருபது நிமிஷம் பேசினாள்.

அவள் நிறையக் கதை படிக்கிறவள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஆனால் அதற்காகக் கதை படியுங்கள் என்று சொல்ல மாட்டேன். பிறகு அதுவும் ஒரு "யூஸ்ஃபுல்" வேலையாகிவிடும்.

டைரியை வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று வைக்காதீர்கள். கடைசிப் பத்து நிமிஷத்தில், கை கழுவிவிட்டு, அங்கேயே எழுதிவிடுங்கள். எண்கள் சூட்டோடு ஞாபகம் இருக்கும். ராத்திரி நேரமும் மிச்சமாகும். கம்பெனி ரகசியம் என்று சொன்ன டிராயிங், கஸ்டமர் பெயர், விலைப்பட்டியல் எதையும் டைரியில் எழுதக் கூடாது, போட்டோவும் எடுக்கக் கூடாது.

7. வேலை இல்லாத நேரம்

எந்த இன்டர்ன்ஷிப்பிலும் சும்மா உட்கார வேண்டிய நேரம் வரும். சர்வர் படுத்துவிடும், கரண்ட் போகும், மெட்டீரியல் வராது. அப்போது புத்தகத்தை எடுக்கலாமா? என் கணக்கு இது. முதலில் போய் வேலை கேளுங்கள். அரை மணி கழித்து இன்னொருவரிடம் கேளுங்கள். அதற்கும் ஒன்றும் இல்லை என்றால் மெஷின் மேனுவலையோ பழைய ரிப்போர்ட்டையோ கேட்டு வாங்கிப் படியுங்கள். வேலை நேரத்தில், ஆட்கள் பார்க்கிற இடத்தில் நாவல் வேண்டாம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், "அந்தப் பையன் எந்நேரமும் கதைப்புத்தகம்தான்" என்று கல்லூரிக்குப் போன் வரும். வருகிறது, நான்தான் எடுக்கிறேன்.

மெஷின் ஓடுகிற இடத்தில் புத்தகம், போன், ஹெட்போன், தொங்குகிற துப்பட்டா எதுவும் கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை. ஷூ இல்லாமல் செருப்போடு ஷாப் ஃப்ளோருக்குள் போகச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிட்டு எங்களுக்குப் போன் செய்யுங்கள்.

மூன்றாவது வாரத்திலிருந்து சாப்பாட்டு இடைவேளையில் கடைசிக் கால் மணியை உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் எல்லோருக்கும் உங்களைத் தெரிந்திருக்கும். "என்ன புக்கு தம்பி?" என்று ஒருவர் கேட்பார். கதையைச் சொல்லுங்கள். நம் ஆட்கள் கதை கேட்பதில் சலிக்கவே மாட்டார்கள். மறுநாள் "அப்புறம் அவன் என்ன ஆனான்?" என்று கேட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள்.

8. ராத்திரியும் ஞாயிறும், நடுவில் அழகரும்

மே 4-ஐ ஒட்டித் தொடங்கும் அக்னி நட்சத்திரம் மாதக் கடைசிவரை இருக்கும். ராத்திரி வீட்டுக்குள் உட்கார்ந்து படிப்பது கஷ்டம். குளித்துவிட்டு, தண்ணீர் தெளித்த மொட்டை மாடியில் ஒரு பாயும் சார்ஜ் லைட்டும் போதும். பூச்சி வருகிறது என்றால் லைட்டைத் தள்ளி வைத்துப் போனில் படியுங்கள். பத்து பக்கம் போனால் போதும். போகாவிட்டாலும் விடுங்கள், பஸ்ஸில் படித்தது கணக்கில் இருக்கிறது.

ஏப்ரல் கடைசியிலோ மே முதல் பாதியிலோ சித்திரைத் திருவிழா வரும். அழகர் ஆற்றில் இறங்கும் சித்ரா பௌர்ணமியன்று மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள். ஆனால் தனியார் கம்பெனிகள் கட்டாயம் விட வேண்டும் என்றில்லை. சேரும் அன்றே கேட்டுவிடுங்கள். அந்த வாரம் பஸ் எல்லாம் மாற்றுப் பாதையில் சுற்றிக்கொண்டு போகும். அரை மணி முன்னதாகக் கிளம்ப வேண்டும். புத்தகம்? எதிர்சேவையும் தேரும் பூப்பல்லக்கும் இருக்கிற வாரத்தில் மதுரையில் புத்தகம் படிக்கிறவரை நான் பார்த்ததில்லை. புத்தகம் எங்கும் ஓடிப்போகாது. தண்ணீர்ப் பந்தலில் பானகம் குடித்துவிட்டு வாருங்கள்.

மற்ற ஞாயிறுகளில் பாதி நாள் தூங்கிவிடுங்கள். மீதிப் பாதியில் துணி துவைப்பது, நூலகத்தில் புத்தகம் மாற்றுவது. சரித்திரக் கதை படித்துக்கொண்டிருந்தால் ஒரு சாயங்காலம் கீழடிக்குப் போய் வரலாம். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், மதுரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் வாக்கில்தான். பானை ஓட்டில் கீறியிருக்கிற பெயர்களைப் பார்த்துவிட்டு வந்தால் அந்தக் கதை வேறு மாதிரி ஓடும்.

9. கடைசி வாரம்

சர்டிபிகேட்டைக் கடைசி நாள் கேட்காதீர்கள். கையெழுத்துப் போடுகிறவர் அன்று லீவில் இருப்பார். ஒரு வாரம் முன்பே, பெயர் இனிஷியலோடு எப்படி இருக்க வேண்டும், எந்தத் தேதிகள், எந்தப் பிரிவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கல்லூரி ரெக்கார்டில் இருக்கிற பெயரும் இதுவும் ஒரு எழுத்துகூட மாறக் கூடாது. சீல், தேதி, கையெழுத்து மூன்றும் இருக்கிறதா என்று வாங்கின இடத்திலேயே பாருங்கள். இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, போனில் ஒரு ஸ்கேனும் வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. டைரி ஒழுங்காக இருந்தால் ரிப்போர்ட் இரண்டு நாள் வேலை.

சொல்லித் தந்தவர்களுக்கு ஒரு பாக்கெட் ஸ்வீட் வாங்கிப் போங்கள். மேனேஜருக்கு மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

ரெஸ்யூமேயைப் புதுப்பிக்கும்போது கடைசி வரியைக் கவனியுங்கள். நம் பிள்ளைகள் எல்லோர் ரெஸ்யூமேயிலும் பொழுதுபோக்கு என்கிற இடத்தில் "புத்தகம் படித்தல்" இருக்கும். பிளேஸ்மெண்டுக்கு வருகிறவர்கள் இதைப் பிடித்துக்கொள்வார்கள். "கடைசியா என்ன படிச்சீங்க?" என்று கேட்டால் பாதிப் பேர் எட்டாம் வகுப்புத் துணைப்பாடக் கதையைச் சொல்கிறார்கள். படித்திருந்தால் போடுங்கள். படித்த புத்தகத்தில் ஒரு ஆளைப் பற்றி மூன்று நிமிஷம் பேச முடிந்தால் போதும், விமர்சனமெல்லாம் அவர்கள் கேட்பதில்லை. படிக்கவில்லை என்றால் அந்த வரியை எடுத்துவிட்டு கிரிக்கெட் என்று போடுங்கள், அதற்கும் மரியாதை உண்டு.

நூலகப் புத்தகங்களைக் கல்லூரி திறக்கும் முன் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஸ்டைபண்ட் ஏதாவது வந்திருந்தால் அதில் ஐந்நூறு ரூபாயை மட்டும் தொடாமல் வைத்திருங்கள். தமுக்கத்தில் புத்தகத் திருவிழா சமீப வருஷங்களில் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வருகிறது. ஸ்டால்களில் வழக்கமாகப் பத்து சதவீதம் கழிவு கொடுப்பார்கள். சனி, ஞாயிறு கூட்டத்தில் அட்டையைக்கூடப் பார்க்க முடியாது. வகுப்பு முடிந்ததும் ஒரு வார நாளில் மூன்று மணிக்குப் போனால் நின்று நாலு பக்கம் படித்துப் பார்த்தே வாங்கலாம்.